ஒரே துணியில் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும்: கோடைக்கான வீட்டுத் தையல்

சின்னப் பிள்ளைகளுக்குக் கோடை உடுப்பை வீட்டில் தைப்பதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. வெயிலையும் வியர்வையையும் தாங்கும் துணியைத் தெரிவுசெய்வது முதலாவது. தைத்து முடிந்த ஒவ்வொரு உடுப்பும் மற்றவற்றோடு சேர்த்துப் போடக்கூடியதாக அந்தத் துணியைப் பங்கிட்டு வெட்டுவது இரண்டாவது. யாழ்ப்பாணக் குடாநாட்டில், அளவெட்டி போன்ற வலிகாமத்துக் கிராமங்களுக்கு இந்த இரண்டாவது வேலை புதியதன்று. வருடப்பிறப்புக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஒரே துணியில் கூடுதலாக வாங்கி, அண்ணனுக்குச் சேட்டும் தங்கச்சிக்குச் சட்டையும் தைத்துப் போடுவது இங்கே பழைய வழக்கம். யாழ்ப்பாணத்தில் சட்டை என்றால் சிறுமி அணியும் கவுன், ஆண்பிள்ளையின் மேலுடுப்பு சேட்டு, கீழுடுப்பு களுசான். மிஞ்சிய துண்டில் கைக்குழந்தைக்கும் ஒரு சின்னச் சட்டை வந்துவிடும்.

எதைத் தைப்பது என்பதைக் கிராமத்தின் காலநிலைதான் முதலில் தீர்மானிக்கிறது. பங்குனி பிற்பகுதி தொடங்கித் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலக்கும் வரையிலான வாரங்களே குடாநாட்டின் கடும் புழுக்கக் காலம். பகல் வெப்பம் 33, 34 பாகை செல்சியஸ் வரை ஏறும். கடல் சூழ்ந்த நிலமாதலால் காற்றில் ஈரமும் அதிகம். ஆண்டுதோறும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கையின் தலைக்கு நேர்மேலாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வட முனையை அண்டிய அளவெட்டியின் உச்சிக்கு அது வந்து சேர்வது ஏறத்தாழச் சித்திரை வருடப்பிறப்பு நாட்களில்தான். ஓகஸ்ட் இறுதியில், நல்லூர்த் திருவிழா நிறைவடையும் காலத்தை ஒட்டி, மறுபடியும் அதே நிலை வரும். ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் பள்ளி விடுமுறை. பிள்ளைகள் நாள் முழுவதும் வளவிலும் முற்றத்திலும் ஓடித் திரிவது இந்த நாட்களில்தான்.

பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு உடல் எடையோடு ஒப்பிடுகையில் தோலின் பரப்பு அதிகம். வியர்வை சுரக்கும் அளவோ குறைவு. வெளியிலுள்ள சூடு அவர்களை விரைவாகத் தாக்குகிறது. வியர்வை வெளியேறும் நுண்துளைகள் அடைபட்டால் வேர்க்குரு போடும். கழுத்தடி, அக்குள், இடுப்பு ஆகிய மூன்று இடங்களில் அது முதலில் தலைகாட்டும். உடுப்பு இறுக்கிப் பிடிப்பதும் அதே மூன்று இடங்களில்தான். ஆகவே கோடை உடுப்பு வெட்டுபவர் கழுத்தையும் கைக்குழியையும் இடுப்பையும் எப்படி அமைக்கிறார் என்பதே பிள்ளையின் சுகத்தைத் தீர்மானிக்கும். அழகு வேலைப்பாடெல்லாம் அதற்குப் பிறகு.

துணி என்று வந்தால் பருத்திக்கு நிகர் இல்லை. வழமையான அறைக் காற்றில் பருத்தி நூல் தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். லினன் 12 சதவீதம் வரை வைத்திருக்கும். பொலியெஸ்ரர் 0.4 சதவீதத்தோடு நின்றுவிடும். பொலியெஸ்ரர் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம். கடையில் பருத்தி என்று சொல்லி விற்கும் துணி உண்மையில் பருத்தியா என்று பார்க்க, அதன் கரையிலிருந்து நாலைந்து இழைகளை உருவி நெருப்பில் பிடிக்கலாம். பருத்தி கடதாசி போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிக் கறுத்துக் கட்டியாக இறுகும். மேலுடுப்புக்கு வோயில், மெல்லிய சீத்தை, பொப்லின் நல்லவை. களுசானுக்குச் சற்றுத் தடித்த பொப்லினோ கைத்தறித் துணியோ வேண்டும். அம்மம்மாவின் பழைய நூல்சேலையை மறந்துவிடக் கூடாது. பல ஆண்டுகள் தோய்த்துத் தோய்த்து மெதுமையான அந்தத் துணிக்கு ஈடாகக் கைக்குழந்தையின் உடம்புக்கு எந்தப் புதுத் துணியையும் சொல்ல முடியாது. கட்டங்கள் போட்ட பருத்திச் சாரம் ஒன்றை வெட்டினால் இரண்டு சின்னக் களுசான் தாராளமாக வரும்.

மெல்லிய வெள்ளைத் துணி குளிர்ச்சியானது. ஆனால் வெயிலை நன்றாக மறைப்பதில்லை. சாதாரண வெள்ளைப் பருத்தி மேலுடுப்பின் வெயில்காப்பு அளவு 5 முதல் 7 வரைதான். அதாவது தோலைத் தாக்கும் புறஊதாக் கதிரில் ஐந்தில் அல்லது ஏழில் ஒரு பங்கு உள்ளே போய்விடுகிறது. நெருக்கமாக நெய்ததும் நிறம் ஊறியதும் கூடுதலாக மறைக்கும். மத்தியான வெயிலுக்கு உடுப்பைவிட நிழல்தான் காப்பு. ஆனாலும் தோளை மூடும் சிறு கையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் வீணாகாது.

நிறத்தைத் தெரிவுசெய்யும்போது அளவெட்டியின் மண்ணையும் கிணற்று நீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். வலிகாமத்தின் தோட்டக் காணிகளில் பரந்து கிடப்பது செம்பாட்டு மண். அதன் சிவப்பு இரும்பு ஒக்சைட்டினால் வருவது. வெள்ளைத் துணியில் பட்டால் இலேசில் போகாது. குளோரின் கலந்த வெளுப்புத் திரவம் இந்தக் கறையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மண்ணை நன்றாகக் காயவிட்டு உதறி, தூரிகையால் தட்டிய பிறகு சவர்க்கார நீரில் ஊறவைத்து, மிஞ்சும் கறையில் தேசிக்காய்ப் புளி தேய்ப்பதே பலன் தரும் முறை. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். கிணற்று நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியத்தோடு சவர்க்காரம் சேர்ந்து துணியில் படிந்துகொள்வதால் வெள்ளை மங்கும், துணி விறைக்கும். ஆகவே களுசானுக்கும் சட்டையின் கீழ்ப்பகுதிக்கும் மண்ணிறம், துரு நிறம், கருநீலம், கடும் பச்சை என்பவை பொருந்தும். வெளிர் நிறங்களை மேலுடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மண்ணில் இருந்து விளையாடும் பிள்ளைக்கு வெள்ளைக் களுசான் தைப்பது தாய்க்குத்தான் தண்டனை.

வீட்டுத் தையல் இந்தப் பகுதியில் வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகளின் கோடை உடை அரைஞாண்கொடியோடு முடிந்துவிடும். வெட்டித் தைத்த உடுப்பு பரவியதில் மிஷன் பள்ளிகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அளவெட்டிக்கு அண்மையிலுள்ள உடுவிலில் 1824ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். அங்கே எழுத்தும் வாசிப்பும் போல ஊசிவேலையும் கற்பிக்கப்பட்டது. பள்ளியில் படித்த பெண்கள் மணமாகிப் போன ஊர்களுக்கு அந்தக் கைவேலையும் கூடவே போனது. 1877இல் சிங்கர் நிறுவனம் இலங்கையில் தையல் மெசின் விற்பனையைத் தொடங்கியது. தவணை முறையில் பணம் கட்டலாம் என்பதால் நடுத்தர வீடுகளுக்குள்ளும் மெசின் வந்தது. கறுப்பு உடலில் பொன்னெழுத்துப் பதித்த அந்தக் கால்மிதி மெசின் பல வீடுகளில் இன்றும் ஓடுகிறது.

கால்மிதி மெசினின் அருமை உள்நாட்டுப் போர்க்காலத்தில்தான் முழுமையாகத் தெரிந்தது. 1990இல் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றுபோனது. அது இல்லாத நீண்ட ஆண்டுகளிலும் தையல் நிற்கவில்லை. சவர்க்காரம் தட்டுப்பட்டபோது பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். புதுத் துணி அரிதானபோது பெரியவர்களின் உடுப்பைப் பிரித்துப் பிள்ளைகளுக்குத் தைத்தார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது மெசின்களைக் கொண்டுபோக முடிந்தவர்கள் குறைவு. திரும்பி வந்து தொடங்கியவர்களுக்குத் தையல் ஒரு பிழைப்பாகவும் ஆனது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களை ஒட்டி நடக்கும் தையல் வகுப்புகள் அந்தத் தேவையில் வளர்ந்தவை. இன்று ஆயத்த உடுப்பு மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி பொலியெஸ்ரர் கலந்தது. வேர்க்குருவால் பிள்ளை அழும் வீட்டில் வீட்டுத் தையலின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

இனிப் பங்கிட்டு வெட்டும் வேலை. ஒத்துப்போகும் உடுப்பு என்றவுடன் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைமுதல் கால்வரை ஒரே துணியில் தைப்பது பலருக்கு நினைவுக்கு வரும். திருவிழாப் படத்துக்கு அது அழகு. அன்றாடத்துக்கு அவ்வளவு உதவாது. ஒன்று அழுக்கானால் சோடி கெட்டுவிடும். இரண்டே துணிகளை வாங்கி, ஒன்று பூப்போட்டதாகவும் மற்றது அந்தப் பூவில் உள்ள ஒரு நிறத்தில் வெறுந்துணியாகவும் தெரிவுசெய்தால், எந்த மேலுடுப்பும் எந்தக் களுசானோடும் சேரும். நாலு வயதுச் சிறுமிக்கும் இரண்டு வயதுச் சிறுவனுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 அங்குல அகலத் துணியில் பூப்போட்டது 2 மீற்றர், வெறுந்துணி 1.75 மீற்றர் போதும். பூத்துணியில் சிறுமியின் சட்டைக்கு 65 சென்ரிமீற்றர், சிறுவனின் சேட்டுக்கு 65, சிறுமியின் கையில்லா மேற்சட்டைக்கு 45 போகும். வெறுந்துணியில் சிறுமியின் களுசானுக்கு 40, சிறுவனின் களுசானுக்கு 37, அவனுக்கே ஒரு கையில்லா மேலுடுப்புக்கு 48 எடுக்கலாம். மிஞ்சும் வெறுந்துணியில் தொப்பியும் கழுத்துக்கான பட்டிகளும் வரும். மொத்தம் ஆறு உடுப்பு. சிறுவனுக்கு ஒரே களுசானோடு இரண்டு மேலுடுப்புகள், சிறுமிக்கு ஒரு சட்டை, அதோடு ஒரு மேற்சட்டையும் களுசானும். களுசான்தான் முதலில் அழுக்காகும் என்பதால், கையில் காசிருந்தால் வெறுந்துணியில் இன்னும் அரை மீற்றர் கூட்டி வாங்குவது நல்லது.

இந்த ஆறையும் ஒரு தொகுதியாகக் காட்டுவது சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கல்தான். பூச்சட்டையின் கழுத்துக்கு வெறுந்துணிப் பட்டி. வெறுங் களுசானின் பைக்குப் பூத்துணி விளிம்பு. எல்லாவற்றுக்கும் ஒரே நிறத் தெறி (பொத்தான்). இவ்வளவும் செய்தால் அண்ணனும் தங்கச்சியும், அக்காவும் தம்பியும் வெவ்வேறு உடுப்பில் நின்றாலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று கண் சொல்லிவிடும். பூவின் அளவிலும் கவனம் வேண்டும். நாலு வயதுப் பிள்ளையின் நெஞ்சகலம் ஒரு சாணைவிட அதிகமில்லை. உள்ளங்கை அளவுப் பூ அதில் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். எல்லாத் திசையிலும் சிதறிய சிறு பூ நல்லது. ஒரே திசை பார்த்த அச்சில் துண்டுகளைத் தலைமாற்றி வைத்து வெட்ட முடியாது. கட்டத் துணியில் பக்கவாட்டுத் தையலில் கட்டங்களைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் துணி கூடுதலாகப் பிடிக்கும்.

சித்திரை வருடப்பிறப்புக்குத் தைப்பதென்றால் நிறத்தைத் தெரிவதில் பஞ்சாங்கமும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஆண்டுக்கு உரிய ஆடை நிறம் இன்னது என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். மருத்துநீர் வைத்துத் தோய்ந்தபின் அந்த நிறத்தில் அல்லது அந்த நிறக் கரையுள்ள ஆடை உடுப்பது வழக்கம். முழு உடுப்பையும் அந்த நிறத்தில் தைத்தால் பிறகு மற்றவற்றோடு சேர்ப்பது கடினம். அந்த நிறம் பூவிலோ பட்டியிலோ வரும்படி துணியைத் தெரிவுசெய்தால் வழக்கமும் நிறைவேறும், ஆண்டு முழுவதும் உடுப்பும் பயன்படும்.

வெட்டுவதற்கு முன் துணியைத் தோய்க்காமல் விடக் கூடாது. பருத்தி முதல் தோய்ப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் உடுப்பு கட்டையாகிவிடும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, நிழலில் காயப்போட்டு, மின்னழுத்தியால் அழுத்திய பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். சாயம் போகுமா என்று அறிய ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கலாம். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள். கடையில் வாங்கிய சாயத் துணியில் அது பலிப்பதில்லை. நிறம் விடும் துணியைத் தனியாகப் பலமுறை தோய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அளவெடுப்பதில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை பிள்ளை ஆண்டுக்கு 6 முதல் 9 சென்ரிமீற்றர் உயரும். நெஞ்சுச் சுற்றளவு கூடுவதோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர்தான். ஆகவே அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து என்று அகலத்தைக் கூட்டினால் இந்த ஆண்டு முழுவதும் தோளிலிருந்து வழுகும். நீளத்தில்தான் இருப்பு வைக்க வேண்டும். சட்டையின் கீழ் மடிப்பை 6, 7 சென்ரிமீற்றர் அகலமாக விட்டு, வளர வளரப் பிரித்து இறக்கலாம். பட்டுப்பாவாடையில் பாட்டிமார் வைத்த மடிப்பு இதே கணக்குத்தான். தோளில் பட்டி வைத்த உடுப்பென்றால் இரண்டு தெறிகளை ஒன்றின்கீழ் ஒன்றாகத் தைத்துவிடலாம். நெஞ்சளவோடு 10 சென்ரிமீற்றர் கூட்டினால் காற்றோட்டத்துக்குத் தளர்வு போதும்.

தலையையும் அளக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு சுமார் 48 சென்ரிமீற்றர். உடம்போடு பார்த்தால் அது பெரிய தலை. கழுத்துக்கு அளவாக வெட்டிய வட்டத்துக்குள்ளே அது நுழையாது. முதுகுப் பக்கத்தில் ஒரு சாணளவு பிளவு விட்டு, மேலே ஒற்றைத் தெறியும் நூல் வளையமும் வைப்பது எளிய தீர்வு.

தைக்கத் தொடங்குபவர் களுசானில் தொடங்குவதே நல்லது. பிள்ளைக்கு அளவான பழைய களுசானை நடுவில் மடித்துக் கடதாசியில் வைத்துக் கோடு போட்டு, சுற்றிவரத் தையலுக்கு 1.5 சென்ரிமீற்றரும் இடுப்புக்கும் காலடிக்கும் 3 சென்ரிமீற்றரும் கூட்டினால் அச்சு தயார். ஒரு காலுக்கு ஒரே துண்டு. பக்கத் தையல் தேவையில்லை. பின்பக்கம் முன்பக்கத்தைவிட 3 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் பிள்ளை குந்தியிருக்கும்போது முதுகு தெரியும். இடுப்பு இலாஸ்ரிக் 2 சென்ரிமீற்றர் அகலமாக, இடுப்பளவைவிட 4, 5 சென்ரிமீற்றர் மட்டும் குறைவாக இருக்கட்டும். ஒடுங்கிய இலாஸ்ரிக் தோலில் வெட்டும். வேர்க்குரு அந்த வரியிலேயே போடும். இலாஸ்ரிக் போன வாயை மெசினில் அடைக்காமல் கைத்தையல் போட்டால் பிறகு மாற்றலாம். இதே அச்சு ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பொருந்தும்.

சட்டை தோளிலிருந்து நேரே தொங்கி, கீழே போகப் போக விரிய வேண்டும். இடுப்பில் சுருக்கோ பட்டியோ வேண்டாம். அந்தச் சட்டையின் அச்சையே இடுப்புவரை கட்டையாக்கினால் மேற்சட்டை. முன்பக்கத்தை நடுவில் திறந்து நாலு தெறி வைத்தால் சேட்டு. கொலர் கோடைக்குத் தேவையில்லை. அக்குளில் கைக்குழியை நன்றாக இறக்கி வெட்டினால் காற்று உள்ளே புகுந்து வெளியேறும்.

கழுத்துக்கும் கைக்குழிக்கும் மூலைவாட்டில், அதாவது கரைக்குக் கோணலாக, 4 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டிய பட்டியே சரி. நேராக வெட்டிய பட்டி இழுபடாது. வளைவில் சுருங்கி நிற்கும். உட்பக்கத் தையல் தோலை உராயாதிருக்க, முதலில் கெட்ட பக்கங்களைச் சேர்த்து ஒடுக்கமாகத் தைத்து, விளிம்பைக் கத்தரித்து, பிறகு நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கத் திருப்பி மறுபடி தைக்க வேண்டும். வெட்டு விளிம்பு முழுவதும் உள்ளே அடங்கிவிடும். ஓவர்லொக் மெசின் இல்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. வோயிலுக்கு 11ஆம் இலக்க ஊசியும் பொப்லினுக்கு 14ஆம் இலக்க ஊசியும் பொருத்தம்.

கழுத்தில் கட்டும் நாடாவைச் சின்னப் பிள்ளைகளின் உடுப்பில் வைக்கக் கூடாது. ஊஞ்சலிலோ கதவிலோ வேலிக் கம்பியிலோ சிக்கினால் கழுத்தை இறுக்கும். இப்படி நடந்த மரணங்களுக்குப் பிறகே அமெரிக்காவில் 1996இல் இதற்கு வழிகாட்டு விதிகள் வந்தன. ஐரோப்பாவிலும் இதற்கெனத் தரநியமம் உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை கையில் கிடைப்பதை வாயில் போடும் என்பதால் தெறிகளை இரட்டை நூலால், அடியில் சிறு துணித்துண்டு வைத்துத் தைக்க வேண்டும். தெறி விழுந்த இடத்தில் ஊக்குக் குத்தி அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

தைத்த உடுப்பை உட்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயவிட்டால் நிறம் நீடிக்கும். மிஞ்சிய துணித்துண்டுகளை எறியாமல், உடுப்பைத் தோய்க்கும் போதெல்லாம் அவற்றையும் சேர்த்துத் தோய்த்து வைப்பது பயனுள்ளது. ஆறேழு மாதத்தில் களுசானின் முழங்கால் பக்கமோ பின்பக்கமோ தேயும்போது ஒட்டுப்போட எடுக்கும் துண்டும் அதே அளவுக்கு நிறம் மங்கியிருக்கும்.